மகளுக்கு இரண்டு முழங்காலிலும் டிஸ்காய்டு மெனிஸ்கஸ்: இரண்டுக்கும் அறுவை சிகிச்சை வேண்டுமா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். என் மகளுக்குப் பத்து வயது. ஓராண்டாக இடது முழங்காலை மடக்கி நீட்டும்போது ‘டொக்’ என்று சத்தம் கேட்கிறது. சில மாதங்களாக வலிக்கிறது, காலை முழுதாக நீட்ட முடியவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் டிஸ்காய்டு மெனிஸ்கஸ் என்று வந்தது. வலது காலையும் எடுத்தோம், அதிலும் அதுவே. ஆனால் அந்தக் காலில் வலி இல்லை. இரண்டையும் ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்கிறார்கள் சிலர், எண்ணெய்க்கட்டு போதும் என்கிறார்கள் சிலர். போன நடவின்போது வரப்பில் வழுக்கி விழுந்தாள். அதனால் வந்ததா? அவளுடைய தம்பிக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: வரப்பில் விழுந்ததால் இது வரவில்லை, அம்மா. நீங்கள் கவனிக்காமல் விட்டதாலும் வரவில்லை. இது பிறவியிலேயே அமைந்தது. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு மெனிஸ்கஸ்கள், அதாவது குருத்தெலும்புத் திண்டுகள் உண்டு. உடல் எடையைத் தாங்கி மூட்டு முழுவதும் பரப்பிக் கொடுப்பவை அவை. பிறைபோல் இருக்க வேண்டிய வெளிப்பக்க மெனிஸ்கஸ் சிலருக்கு முழுநிலவாக, தடித்து அமைந்துவிடுகிறது. அதுதான் டிஸ்காய்டு (வட்டு வடிவ) மெனிஸ்கஸ். உள்பக்கத்தில் இப்படி இருப்பது மிக அபூர்வம். 1889-ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஏட்டில் பதிவான அமைப்பு இது. ஜப்பான், கொரியா மக்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. தடித்த மெனிஸ்கஸின் நார்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதில்லை, அதனால் எளிதில் கிழியும். சிலருக்குப் பின்பக்கப் பிடிப்பும் தளர்வாக இருக்கும். மெனிஸ்கஸ் நழுவி மீண்டும் இடத்தில் விழும்போதுதான் அந்த ‘டொக்’. விழுந்த அடி, ஏற்கெனவே இருந்ததை வெளியே காட்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டு காலிலும் இருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். ஐந்தில் ஒருவருக்கு இரு காலிலும் இருக்கும் என்று நூல்கள் சொல்லிவந்தன. வலியில்லாத காலை யாரும் பார்க்காததால் வந்த கணக்கு அது. கொரியாவில் ஒரு காலில் தொந்தரவு இருந்தவர்களின் மறு காலையும் சோதித்தபோது, பெரும்பாலானோருக்கு அதிலும் இருந்தது. ஆகவே உங்கள் மகளின் வலது காலில் புதிதாக நோய் எதுவும் வந்துவிடவில்லை.

அந்த வலது காலைத் தொடவே வேண்டாம். வலி, வீக்கம், பூட்டிக்கொள்ளுதல் எதுவும் இல்லாமல் முழுதாக நீட்டவும் மடக்கவும் முடிந்தால், ஸ்கேனில் என்ன எழுதியிருந்தாலும் அறுவை சிகிச்சை தேவையில்லை. இப்படி ஒரு மெனிஸ்கஸ் இருப்பதே தெரியாமல் நாற்று நட்டு, கதிர் அறுத்து, பேரன் பேத்தி கண்டவர்கள் உண்டு. வருமுன் காப்போம் என்று நல்ல காலில் கைவைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். வெட்டி எடுத்த மெனிஸ்கஸ் திரும்ப வளராது.

இடது கால் வேறு. நீட்ட முடியாமல் மாதக்கணக்கில் இருப்பதை விட்டுவைக்கக் கூடாது. வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். அவள் தளர்வாக இருக்கும்போது இரண்டு குதிகால்களையும் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நீட்ட முடியாத காலின் குதிகால் மற்றதைவிட உயர்ந்து நிற்கும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு டிகிரி குறைவு. எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து குறித்துவையுங்கள். முழங்கால் சில்லின் மேல்விளிம்பிலிருந்து பத்து சென்டிமீட்டர் மேலே இரண்டு தொடைகளின் சுற்றளவையும் டேப்பால் அளந்து எழுதுங்கள். இடது தொடை மெலிந்திருந்தால், அவள் அந்தக் காலைத் தயங்கித் தயங்கியே பயன்படுத்துகிறாள் என்று பொருள்.

அறுவை சிகிச்சை என்று முடிவானால் ஆர்த்ராஸ்கோப்பி முறையில், சிறு துளைகள் வழியாகச் செய்வார்கள். நடுப்பகுதியைச் செதுக்கி, ஓரத்தில் ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு விட்டுவைப்பார்கள். கிழிந்தோ தளர்ந்தோ இருந்தால் தையல் போட்டு நிறுத்துவார்கள். ‘முழுவதும் எடுத்துவிடுவீர்களா, ஓரத்தை வைத்திருப்பீர்களா’ என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். முன்காலத்தில் முழுவதையும் எடுத்தார்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்கு நடுவயதுக்கு முன்பே மூட்டுத் தேய்ந்தது. தொடை எலும்பின் முனையில் குருத்தெலும்பு பெயர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்த அமைப்புள்ள சில குழந்தைகளுக்கு அதுவும் சேர்ந்து வரும். இடுப்பு மூட்டையும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு இடுப்பில் உள்ள கோளாறு முழங்கால் வலியாகத் தெரிவது உண்டு. காய்ச்சலோ இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலியோ இருந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பு மருத்துவப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

எண்ணெய்க்கட்டு வேண்டாம். தோல்மேல் எண்ணெய் தடவுவதில் கெடுதல் இல்லை. காலை இழுத்து, முறுக்கி, ‘தடம் போடுகிறேன்’ என்று இறுக்கிக் கட்டினால் சிறு கிழிசல் பெரிதாகும்.

தையல் போட்டால் சில வாரங்கள் ஊன்றுகோல், சில மாதங்களுக்குக் குந்தி உட்காரத் தடை. கழிப்பறைக்கு ஒரு நாற்காலி ஏற்பாடு செய்யுங்கள். சம்மணமிட்டு உட்காருவதையும் பள்ளி விளையாட்டையும் மருத்துவர் சொன்ன பிறகே தொடங்கட்டும். தொடைத் தசைப் பயிற்சியை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள்; ஆபரேஷன் நன்றாக முடிந்தும் பயிற்சியை விட்டதால் நொண்டும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. வலது காலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும், மறுபடி ஸ்கேன் தேவையில்லை.

தம்பிக்கும் ஸ்கேன் வேண்டாம். முழங்காலில் சத்தமோ வலியோ என்று அவனாகச் சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.