காகிதக் கட்டுகளில் என்ன கலை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர் வீட்டில் தயானிதா சிங்கின் ‘ஃபைல் ரூம்’ என்ற புகைப்படப் புத்தகத்தைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் அலமாரி, காகிதக் கட்டு, தூசி. எந்த ஊர், எந்த ஆபீஸ் என்று படத்துக்குக் கீழே ஒரு வரி கிடையாது. நான் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இதையெல்லாம் தினமும் பார்த்து அலுத்தவன். கையில் கேமரா இருந்திருந்தால் நானே எடுத்திருப்பேனே? இதை ஏன் கொண்டாடுகிறார்கள்?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

எடுத்திருப்பீர்கள். ஒன்று என்ன, பத்துப் படம்கூட எடுத்திருப்பீர்கள். ஆனால் அப்புறம் இன்னொரு ரெக்கார்டு ரூம், அதற்கப்புறம் வேறொன்று என்று வருஷக்கணக்கில் போய்க்கொண்டே இருந்திருப்பீர்களா? எடுத்ததில் பெரும்பகுதியை ஒதுக்கி, எந்தப் படத்துக்கு எதிரே எது வரவேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பீர்களா? தயானிதாவின் வேலையில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

புத்தகத்தை மறுபடி வாங்கிப் பாருங்கள், மெதுவாக. ஓரிடத்தில் கட்டுகள் துணியில் முடிந்த மூட்டைகளாக இருக்கும். இன்னோரிடத்தில் இரும்பு ரேக் கூரைவரை போகும், காகிதத்தின் ஓரங்கள் பிதுங்கி நிற்கும். நடுவே மேஜை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். எந்தக் கட்டு எங்கே என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும் என்பது உங்களுக்குச் சட்டென்று விளங்கும். லண்டனில் இந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு அது விளங்காது. அலுத்துப்போனதாகச் சொல்கிறீர்கள், எனக்கென்னவோ இந்தப் புத்தகத்துக்கு உங்களைவிடத் தகுதியான வாசகர் இல்லை என்று தோன்றுகிறது.

ஊர்பெயர் போடாதது வேண்டுமென்றே செய்ததுதான். தயானிதா 1961இல் டெல்லியில் பிறந்தவர், அகமதாபாத்தில் என்.ஐ.டி. என்ற தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்தவர். மாணவியாக இருந்தபோதே தபலா கலைஞர் ஜாகிர் உசேனோடு ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்தார். 1986இல் அது புத்தகமாக வந்தது. பிறகு பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்தார். பத்திரிகைப் படத்துக்கு யார், எங்கே, எப்போது என்று சொல்லியாக வேண்டும். அந்த வேலையை விட்டபோது அந்தக் குறிப்புகளையும் விட்டுவிட்டார். குறிப்பு இருந்தால் நாம் அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவோம், இல்லையா?

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது 2008இல் வந்த ‘சென்ட் எ லெட்டர்’. ஒரு சின்னப் பெட்டிக்குள் விசிறி மடிப்பாக ஏழு குட்டிப் புத்தகங்கள். பிரித்து மேஜைமேல் நிறுத்தினால் அதுவே கண்காட்சி. அதில் ஒன்று முழுக்க அவருடைய அம்மா நோனி சிங் எடுத்த படங்கள். இந்தக் குட்டிப் புத்தகங்களைக் கொல்கத்தாவில் ஒரு நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டியிருக்கிறார். தெருவில் போகிறவர் நின்று பார்க்கலாம், டிக்கெட் கிடையாது. பின்னால் வந்த ‘மியூசியம் பவன்’ இதன் பெரிய வடிவம். மடக்கி விரிக்கும் மரச் சட்டங்களில் படங்களைச் செருகி, வேண்டும்போது இடம் மாற்றலாம். இப்படிப் பல ‘மியூசியங்கள்’ சேர்ந்தது அது, ஃபைல்களுக்கென்றே அதில் ஒன்று உண்டு.

யோசனை அருமை. ஆனால் பெரிய காட்சிக்கூடங்களில் அந்த மரச் சட்டங்களைக் கொஞ்சம் விறைப்பாகத்தான் உணர்கிறேன். இடம் மாற்றுவதற்கென்றே செய்த பொருளை நாம் கைகட்டி நின்று பார்க்கவேண்டியிருக்கிறது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளக்கவுரையோ, நேராகச் சொல்வதற்கு ஏதோ தடை இருப்பதுபோல எழுதப்பட்டிருக்கும். உங்களைப் போன்றவர்களைக் கலையிடமிருந்து விரட்டுவது பெரும்பாலும் அந்த விளக்கவுரைகள்தான், படங்கள் அல்ல.

கொண்டாட்டம் என்றால், 2022இல் அவருக்கு ஹாசல்பிளாட் விருது கிடைத்தது. புகைப்படத் துறையில் அது பெரிய விருது. ஆனால் விருது வாங்கினார் என்பதற்காக உங்களுக்குப் பிடித்தாக வேண்டும் என்றில்லை. நண்பரிடம் தயானிதாவின் ‘மியூசியம் ஆஃப் சான்ஸ்’ புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே இருக்கும் 88 படங்களும் அட்டைப்படமாகவும் வெவ்வேறு பிரதிகளில் வந்திருக்கின்றன. நண்பருடைய பிரதிக்கு எந்த அட்டை வாய்த்தது என்று எழுதுங்கள்.