கோடை இடிமழை: உப்பளத்தில் செய்ய வேண்டிய முன்னேற்பாடுகள்

கேள்வி: வாலிநோக்கம் அருகே ஓர் உப்பளத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சுமார் 40 பேர் வேலை செய்கிறார்கள், பெரும்பாலோர் பெண்கள். பங்குனி, சித்திரை மாதங்களில் பிற்பகலில் திடீரென இடியும் காற்றும் மழையும் வந்துவிடுகின்றன. ஒதுங்குவதற்குத் தகரக் கொட்டகை ஒன்றுதான் உண்டு. அதுவும் நான்கு புறமும் திறந்தது. எப்படி ஆயத்தமாவது?

பதில்: மேகம் கறுத்ததும் உப்பளத்தில் முதலில் நடப்பது, வாரிக் குவித்த உப்பு கரைந்துவிடக் கூடாதே என்று எல்லோரும் அம்பாரத்தை மூட ஓடுவதுதான். மரமோ கட்டடமோ இல்லாத வெட்டவெளியில், சுற்றிலும் இருப்பவற்றைவிட உயரமான குவியலின் மேல் ஆட்கள் ஏறி நிற்கும் அந்த நேரத்தையே நான் மிகவும் அஞ்சுகிறேன். எனவே மூடும் வேலையை இடிக்கு முன்னதாக முடித்துவிடும்படி அன்றாட வேலையை மாற்றியமையுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை அடுத்த 3 மணி நேரத்துக்கான எச்சரிக்கையை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. 'தாமினி' செயலி சுற்றுவட்டாரத்தில் விழும் மின்னலைக் காட்டுகிறது. காலையிலும் நண்பகலிலும் இரண்டையும் பார்த்து, இடிமழைக்கு வாய்ப்பிருந்தால் உப்பு வாருவதை அத்துடன் நிறுத்தி, கிடுகோ தார்ப்பாயோ போட்டுக் கட்டிவிடுங்கள்.

ஒளி ஒரு கிலோமீட்டரை நொடிப்பொழுதில் கடந்துவிட, ஒலிக்கு ஏறத்தாழ 3 விநாடிகள் ஆகின்றன. ஆகவே மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிகள் இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அடுத்தது உங்கள் பாத்தியிலேயே விழக்கூடும். இடைவெளி அதற்குக் குறைந்தவுடன், மழை தொடங்காவிட்டாலும், அனைவரும் வெளியேற வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் ஆன பிறகே திரும்ப வேண்டும்.

திறந்த கொட்டகை மழைக்கு உதவும், மின்னலுக்கு உதவாது. பனை, தென்னை மரத்தடியும் அப்படியே. சுவர்களும் கூரையும் உள்ள கட்டடம் நடந்து சேரும் தொலைவில் இல்லையென்றால், மேல்பகுதி இரும்பாலான வேன் அல்லது பேருந்தை அந்த இரு மாதங்களும் பிற்பகலில் உப்பளத்திலேயே நிறுத்தி வையுங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே இருந்தால் போதும். மின்மோட்டார்களை வானம் இருளும் முன்பே நிறுத்திவிட வேண்டும். இடி தொடங்கிய பின் சுவிட்சைத் தொட யாரையும் அனுப்பாதீர்கள். கொட்டகைத் தகடுகளின் கொக்கிகளையும் மாசியிலேயே சரிபார்த்து இறுக்குங்கள், ஏனெனில் காற்றில் பறக்கும் தகடு ஆளை வெட்டும்.

வேலையை நிறுத்தும் அதிகாரத்தை ஒருவருக்கு எழுத்தில் கொடுங்கள். நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடிக்கப்படாது என்பதை முதலாளியே தொழிலாளர்களிடம் சொல்ல வேண்டும். கூலி போகும் என்றால் இடியிலும் அவர்கள் நின்று வாருவார்கள். அந்தக் குற்றம் அவர்களுடையது அன்று.

மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது, தயங்காமல் தொடலாம். மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நடு மார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். பருவம் தொடங்கும் முன்பே நான்கைந்து பேருக்காவது இதைப் பயிற்றுவித்து, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணையும் கொட்டகையில் பெரிதாக எழுதி வையுங்கள்.