27-ஐ 300 ஆக்க மறந்த மகள்

வணக்கம் அம்மா. மகளின் காலாண்டு வேதியியல் விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பி, "வேதிவினை வேகவியல்ல அஞ்சு மார்க் போச்சு, இவளுக்குக் கெமிஸ்ட்ரி வராது, பேசாம கம்ப்யூட்டர் சயின்ஸ்லயே சேர்த்துடவா?" என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன்.

வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸிலிருந்து 37 டிகிரிக்கு ஏறும்போது வினையின் வேகம் இரட்டிப்பாகிறது. வினை நடக்கத் தேவையான கிளர்வு ஆற்றல் எவ்வளவு? இதுதான் கேள்வி. வெப்பநிலையையும் வேகத்தையும் இணைக்கும் அர்ரீனியஸ் சமன்பாடு சரி, லாக் டேபிள் பார்த்ததும் சரி. 273-ஐக் கூட்டிக் கெல்வினுக்கு மாற்றி 300, 310 என்று போடாமல் 27, 37 என்றே போட்டுவிட்டாள். மோலுக்குச் சுமார் 53.6 கிலோஜூல் வர வேண்டிய இடத்தில் 0.58 வந்திருக்கிறது.

கெல்வினை மறப்பது பாதி வகுப்பு செய்கிற தவறுதான். என் வருத்தமெல்லாம், 0.58 என்று வந்ததும் அவள் பேனா நிற்கவில்லையே என்பதுதான். மோதும் மூலக்கூறுகள் தாண்ட வேண்டிய மேடுதான் கிளர்வு ஆற்றல். மேடு அவ்வளவு தாழ்வாக இருந்தால், பத்து டிகிரி கூட்டினாலும் வேகம் ஒரு சதவீதம்கூட ஏறாது. கேள்வியோ இரட்டிப்பாகிறது என்கிறது! விடையைப் பார்த்ததும் இப்படிச் சந்தேகப்படப் பழக வேண்டும். பழகினால் வந்துவிடும்.

வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையின் எக்ஸ்பைரி தேதியைப் பாருங்கள். மருந்தை 40 டிகிரி சூட்டில், 75 சதவீத ஈரப்பதத்தில் 6 மாதம் வைத்து எவ்வளவு சிதைகிறது என்று அளக்கிறார்கள். சூட்டில் சிதைவு விரைவாக நடக்கும் என்பதால், அலமாரியில் எத்தனை காலம் தாங்கும் என்பதற்கு அதிலிருந்தே ஒரு கணிப்பு கிடைக்கிறது. மருந்துக் கம்பெனிகளில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. பி.பார்ம் முடித்தவர்களும் எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவர்களும் அங்கே வேலை செய்கிறார்கள்.

ஆலைப் பாதுகாப்பு இன்னொரு பக்கம். 1984-இல் போபால் விஷவாயு விபத்தில், ரசாயனத் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்ததும் வினை வெப்பத்தைக் கிளப்பியது, அந்த வெப்பம் வினையை இன்னும் விரட்டியது. அப்படிக் கைமீறாமல் தொட்டியையும் குளிரூட்டலையும் திட்டமிடுவது கெமிக்கல் இன்ஜினியரின் வேலை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கெமிஸ்ட்ரி பிடிக்கும் என்பதற்காக மட்டும் கெமிக்கல் இன்ஜினியரிங் எடுக்க வேண்டாம். அதில் பாதிக்குமேல் கணக்கும் இயற்பியலும்தான். கணக்கு அவளுக்குச் சுமையில்லை என்றால் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் சென்னை ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இரண்டையும் பட்டியலில் மேலே வையுங்கள். ஆய்வகம்தான் பிடிக்கும் என்றால் நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், அப்புறம் ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர ஜாம் நுழைவுத் தேர்வு.

கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிவை அரையாண்டு வரை தள்ளிப்போடுங்கள். அதற்குள் அந்தக் கணக்கை அவளே மறுபடி போடட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம்.