பசையும் பேனாவும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில், கையால் எழுதி உறையில் போட்டு அனுப்பியவை இரண்டே இரண்டு. 'கையெழுத்துக் கடிதத்தின் அருமையைப் பற்றிச் சொல்லுங்களேன்' என்று கேட்டவர், அதைப் போனில் தட்டி அனுப்பியிருக்கிறார்! குறையாகச் சொல்லவில்லை. முப்பது வருஷம் பைண்டிங் மேஜையில் நின்றவள் நான். காகிதம், பசை, நூல் மூன்றும் எனக்குத் தெரியும். கடிதம் எழுதுவதைப் பற்றித் தெரிந்ததெல்லாம், எழுதிக் கெடுத்துத் தெரிந்துகொண்டதுதான்.

தினமும் போனில் பேசும் சிநேகிதிக்கு ஒரு கடிதம் எழுத ஆசை. 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதியதும் பேனா நின்றுவிடுகிறது. எல்லாம்தான் பேசியாகிவிட்டதே, மேற்கொண்டு என்ன எழுதுவது?

செய்தி எழுத உட்கார்ந்தீர்கள் பாருங்கள், அதுதான் தப்பு. செய்தி போனிலேயே போய்ச் சேர்ந்துவிடும். போனில் சொன்னால் 'சரி, அப்புறம்?' என்று எதிர்முனை கேட்கிற அளவுக்கு அற்பமான விஷயங்கள் சில இருக்கும். கடிதத்துக்குச் சரக்கே அவைதான்.

எங்கள் வீட்டு ஜன்னல் கொக்கி ஒன்று தேய்ந்துபோய், காற்றடித்தால் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு ராத்திரி தூக்கம் கலைந்த எரிச்சலில், ரப்பர் பேண்டு ஒன்றை எட்டுப் போலத் திருகி மாட்டிவிட்டுப் படுத்தேன். மறுநாள் என் சிநேகிதிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் வேறெதுவும் தோன்றவில்லை. அதையே எழுதினேன். எந்தப் பக்கமாகச் சுற்றினேன், கை நழுவியதும் விரலில் எப்படிச் சுண்டியது, மாட்டிய பிறகு காற்று வந்து கதவைத் தள்ளிப் பார்த்து ஏமாந்த சத்தம், எல்லாம் சேர்த்து இரண்டு பக்கம். ஓரத்தில் கொக்கியின் படம் வேறு. பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். நாலு பக்கத்துக்குப் பதில் வந்தது. அவள் வீட்டில் எதை எதையெல்லாம் கயிறு கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு பட்டியல்! அதன் பிறகு அவள் எழுதும் ஒவ்வொரு கடிதமும் 'ரப்பர் பேண்டு சௌக்கியமா?' என்றுதான் முடியும். போனில் சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் ஓய்ந்துபோயிருக்கும் விஷயம்.

ஆகவே 'நலம்' வேண்டாம். எங்கே உட்கார்ந்து எழுதுகிறீர்களோ அங்கிருந்து தொடங்குங்கள். கண்ணுக்கு எதிரே என்ன இருக்கிறது, என்ன சத்தம் கேட்கிறது, யார் குறுக்கே வந்து 'என்ன எழுதறே?' என்று கேட்டார்கள். படம் வரைய வராது என்றால் வராமலே வரையுங்கள். ஓவியர் வான்கோ எழுதிய கடிதங்களில் 800-க்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. பெரும்பாலானவை தம்பி தியோவுக்கு எழுதியவை. அப்போது தீட்டிக்கொண்டிருக்கும் படத்தைக் கடிதத்திலேயே கோடுகளாகப் போட்டு, எந்த இடத்தில் என்ன நிறம் என்று அதன் மேலேயே எழுதிக் காட்டுவார். அவருக்கே அது போதுமானதாக இருந்தது. நீங்களும் ஒரு வட்டம் போட்டு உள்ளே 'மஞ்சள்' என்று எழுதுங்கள், சிநேகிதி புரிந்துகொள்வார்.

இன்னும் ஒன்று. கடிதத்தில் ஒரு கேள்வியாவது இருக்கட்டும், அவரால் மட்டுமே பதில் சொல்ல முடிகிற கேள்வியாக. 'எப்படி இருக்கிறாய்?' என்பது அந்தக் கணக்கில் சேராது.

ஒரு பக்கம்கூட ஓடவில்லை என்றால் தபால் அட்டை வாங்குங்கள். அது பிறந்ததே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். இரண்டு வரிச் செய்திக்கு எதற்கு உறை, மரியாதை வாசகம், இத்தனை செலவு என்று எமானுவேல் ஹெர்மன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1869 தொடக்கத்தில் பத்திரிகையில் எழுதினார். அதே வருஷம் அக்டோபர் 1-ம் தேதி ஆஸ்திரியா-ஹங்கேரி அஞ்சல் துறை அட்டையை வெளியிட்டுவிட்டது. அந்த வேகம் இன்றைக்கு எந்த அலுவலகத்தில் நடக்கும்?

என் கையெழுத்தை நானே இரண்டாம் முறை படிக்க முடியாது. அதை அடுத்தவர் தலையில் கட்டலாமா?

தாராளமாகக் கட்டலாம். 1840-ல் சீர்திருத்தம் வருவதற்கு முன், பிரிட்டனில் தபால் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பார்த்து வாங்கினார்கள். இரண்டாவது தாள் வைத்தால் செலவு கூடும். அதனால் ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டு, தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய எழுத்தின் மேலேயே குறுக்காக இன்னொரு பக்கத்தை எழுதுவார்கள். பார்த்தால் சல்லடை. அதையும் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். உங்கள் கிறுக்கல் எம்மாத்திரம்!

அழகாக எழுத முயலாதீர்கள், மெதுவாக எழுதுங்கள். கோடு போட்ட தாள் ஒன்றை அடியில் வைத்துக்கொண்டால் வரிகள் மலையேறாது. அடித்தல் திருத்தல் அப்படியே இருக்கட்டும். பிரதி எடுத்து எழுதினீர்களோ, கடிதம் விண்ணப்பமாகிவிடும். தேதி போடும்போது வருஷத்தையும் சேர்த்துப் போடுங்கள். என்னிடம் இருக்கும் பழைய கடிதங்களில் பாதி 'செவ்வாய் மாலை' என்று தொடங்குகின்றன. எந்தச் செவ்வாய் என்று கேட்க அந்த ஆட்கள் இப்போது இல்லை.

உள்ளே எந்தப் பேனாவும் சரிதான், விலாசத்தை மட்டும் பால் பாயிண்டில் எழுதுங்கள். இங்க் பேனா மைகளில் பெரும்பாலானவை நீரில் கரையும் சாயம். அது தெரியாமல் நீல மையில் விலாசம் எழுதி, மழையில் நனைந்து, ஊரின் பெயர் மட்டும் மிஞ்சி, எனக்கே திரும்பி வந்த உறை ஒன்று இருக்கிறது. உறைக்குப் பின்னால் அனுப்புநர் விலாசத்தை யாரிடமோ பேனா கடன் வாங்கி எழுதியிருந்தேன். நல்லவேளை, அது பால் பாயிண்ட்.

பயணச் சீட்டு, பில், நுழைவுச் சீட்டு என்று எல்லாவற்றையும் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். சில வருஷத்தில் பாதிச் சீட்டுகள் வெள்ளையாகிவிட்டன. லேமினேஷன் செய்தால் தப்புமா?

ஐயையோ, வேண்டாம்! அந்தச் சீட்டுகளில் மையே கிடையாது. காகிதத்தின் மேல் பூசியிருக்கும் ரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுக்கும். மெஷின் அந்தச் சூட்டைப் புள்ளி புள்ளியாக வைத்து எழுத்தாக்குகிறது. லேமினேஷன் மெஷினுக்குள் விட்டால் சீட்டு முழுக்கச் சூடு பட்டுக் கறுத்துப்போகும். சும்மா வைத்திருந்தாலும் வெளிச்சம், விரல் எண்ணெய், பிளாஸ்டிக் உறை, சில வகைப் பசை எல்லாமே எழுத்தை அழிக்கும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, அந்தப் பிரதியை ஒட்டுங்கள். ஜெராக்ஸ் எழுத்து காகிதத்தில் உருகிப் பதிந்த தூள், சீக்கிரத்தில் போகாது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நானும் ஏமாந்தவள். அம்மாவோடு கடைசியாகப் போன பயணத்தின் சீட்டு, நம்பிக்கையாக ஒட்டி வைத்தது. ஏழு வருஷம் கழித்துத் திறந்தால், பக்கத்தின் நடுவில் ஒரு வெள்ளைச் செவ்வகம். புறப்பட்ட நேரம், இருக்கை எண், எதுவும் இல்லை. பக்கத்து ஓரத்தில் நான் பால் பாயிண்டில் கிறுக்கியது மட்டும் அப்படியே இருந்தது: 'அம்மாவுக்கு ஜன்னலோரம். செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள், தொலைந்துவிடுமாம்.' சீட்டை இன்னும் பிய்த்து எடுக்கவில்லை.

பசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தொழில் பழக்கம். செலோடேப் வேண்டவே வேண்டாம். முதலில் மஞ்சளாகும், பிறகு பிசின் காகிதத்துக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகும், கடைசியில் டேப் உதிர்ந்து கறை மட்டும் நிற்கும். மாவுப் பசையைக் காய்ச்சி மெல்லிசாகத் தடவினால், பின்னால் ஈரம் காட்டிப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். ஒரே சங்கடம், பூச்சிக்கும் அது பிடிக்கும். நோட்டை அடிக்கடி திறந்து பாருங்கள். அதைவிட நல்லது ஒட்டாமலே வைப்பது. நாலு மூலைக்கும் காகித முக்கோணம் மடித்து ஒட்டி, அதில் செருகுங்கள். கடிதம் என்றால் பக்கத்தில் ஒரு காலி உறையை ஒட்டி அதற்குள் போடுங்கள். செய்தித்தாள் துண்டு மட்டும் பழுக்காமல் இருக்காது, மரக்கூழிலேயே அந்தக் குணம் இருக்கிறது. பக்கத்துப் படத்தையும் சேர்த்துக் கறையாக்கும், தள்ளி வையுங்கள்.

ஒட்டும் தொல்லை பெரிய மனிதர்களுக்கும் இருந்திருக்கிறது. மார்க் ட்வைன் 1873-ல் காப்புரிமை வாங்கியது ஒரு ஒட்டு நோட்டுக்கு. தபால்தலை போலப் பக்கத்திலேயே கோந்து தடவியிருக்கும். ஈரப்படுத்தி ஒட்ட வேண்டியதுதான். எழுத்தாளர் ஒருவர் எழுத்தே இல்லாத புத்தகம் ஒன்றை விற்றது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி.

அலங்கார டேப், ஸ்டிக்கர், பூ வெட்டும் பஞ்ச், பதினாறு நிறப் பேனா எல்லாம் வாங்கிவிட்டேன். ஒரு பக்கம்கூட முடித்தபாடில்லை.

வாங்குவது ஒரு பொழுதுபோக்கு, ஒட்டுவது வேறொரு பொழுதுபோக்கு. முதலாவது உங்களுக்கு நன்றாக வருகிறது!

இரண்டாவதும் வேண்டுமென்றால், மூன்றாம் பக்கத்தில் தொடங்குங்கள். முதல் பக்கத்தை அழகாக்கப் போய்த்தான் பாதி நோட்டுகள் காலியாகக் கிடக்கின்றன. ஒரு வாரம் அந்தப் பெட்டியைத் திறக்காமல் கத்தரி, பசை, ஒரு பேனாவோடு ஒப்பேற்றிப் பாருங்கள். கவிஞர் எமிலி டிக்கின்சன் பிரித்த உறைகளின் உள்பக்கத்தில்கூடக் கவிதை எழுதியவர். உங்கள் வீட்டிலும் உறை வந்துகொண்டுதானே இருக்கும்?

ஒட்ட ஒட்ட நோட்டு கோழி போல உப்பும். அதற்கு ஒரு பைண்டிங் உபாயம்: தொடங்கும் முன்பே, ஒவ்வொரு நாலாவது தாளையும் தையல் ஓரமாக ஒரு விரலகலம் விட்டு வெட்டி எடுத்துவிடுங்கள். அடியோடு கிழிக்காதீர்கள், ஜோடித் தாள் கழன்றுவிடும். மிஞ்சிய துண்டுகள் முதுகைப் பருமனாக்கும், நோட்டு சமமாக மூடும். வெட்டிய தாளை எறியாமல் கடிதம் எழுதுங்கள்.

'நீ போன பிறகு இந்தக் குப்பையை யாரும்மா பார்ப்பாங்க?' என்கிறான் என் மகன்.

அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி, தேதி போட்டு, அந்த நோட்டிலேயே ஒரு பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அவர் பார்க்கத்தான்.

உறையை அலங்கரித்து, அரக்கு முத்திரை வைத்து, உள்ளே உலர்ந்த பூவும் வைத்து வெளிநாட்டுத் தோழிக்கு அனுப்பலாமா?

உறை மீது என்ன வேண்டுமானாலும் வரையுங்கள். விலாசத்தைச் சுற்றியும் உறையின் அடி ஓரத்திலும் இரண்டு விரல் இடம் மட்டும் சும்மா விடுங்கள். தபால்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் மெஷின் விலாசத்தைப் படிப்பதும் பார்கோடு அச்சடிப்பதும் அங்கேதான். அரக்கு அந்த மெஷினில் நொறுங்கும். முத்திரை வைத்த உறையை இன்னொரு சாதா உறைக்குள் போட்டு அனுப்புங்கள். பூ, இலை, விதை வேண்டாம். செடிப் பொருள் தபாலில் வருவதற்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. பூவை வரைந்து 'மஞ்சள்' என்று எழுதுங்கள், மேலே சொன்ன மாதிரி.

மூன்று கடிதம் எழுதிவிட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. நிறுத்திவிடவா?

நாலாவது கடிதம் வேண்டாம். அது கடிதமாகப் போகாது, பாக்கி கேட்கும் நோட்டீஸாகப் போய் இறங்கும். அட்டை ஒன்று போடுங்கள், ஐந்து வரி, கேள்வியே இல்லாமல். பதில் வந்தே தீர வேண்டும் என்று கை அரித்தால் 'போஸ்ட்கிராசிங்' இருக்கிறது. போர்ச்சுகல்காரர் பாவ்லோ மகல்யாய்ஸ் 2005-ல் தொடங்கியது. முகம் தெரியாத ஒருவருக்கு நீங்கள் அட்டை அனுப்புவீர்கள். அது போய்ச் சேர்ந்ததும் வேறொரு முகம் தெரியாதவர் உங்களுக்கு அனுப்புவார். கொடுத்தவரிடமே திரும்ப வாங்கும் கணக்கு அதில் கிடையாது.

ஜன்னல் கொக்கிச் சிநேகிதியும் ஒரு தடவை பதினாலு மாதம் எழுதவில்லை. நான் மனதுக்குள் என்னென்னவோ வசனம் பேசி முடித்திருந்தேன். பிறகு ஓர் உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை, இரண்டு புது ரப்பர் பேண்டு. ஒன்றைக் கொக்கியில் மாட்டினேன். இன்னொன்றை நோட்டில் ஒட்டிவிட்டேன். ரப்பர் இளகிக் காகிதத்தைக் கறையாக்கும் என்று தெரிந்தேதான் செய்தேன். இந்த ஒரு விஷயத்தில் என்னைப் பின்பற்றாதீர்கள்.