அந்தக் கோட்டை அணிவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோட் ஐலண்டுக்குப் போயிருந்தபோது, அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலத்து உடையில் சிலர் போர் நடத்திக் காட்டுவதைப் பார்த்தேன். முதல் ரோட் ஐலண்ட் படைப்பிரிவாம், அடிமைகளாக இருந்தவர்கள் சேர்ந்த படை என்றார்கள். கறுப்பினத்தவர்களே அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றது எனக்கு உறுத்தலாக இருந்தது. முன்னோர்கள் தங்கள் எஜமானர்களின் சுதந்திரத்துக்காகச் செத்த கதையை விடுமுறை நாள் வேடிக்கையாக்க வேண்டுமா? தவிர, வெற்றுத் துப்பாக்கியைச் சுட்டு விளையாடுவதில் வரலாறு எங்கே இருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் இரண்டாவது கேள்வியில் பாதி எனக்கும் உடன்பாடுதான். முதலில் அதை முடித்துவிடுகிறேன்.

இந்த மொத்த ஏற்பாட்டிலும் பலவீனமானது போர்க்காட்சி. வெகுதூரம் கார் ஓட்டி, ஆகஸ்ட் வெயிலில் கம்பளிக் கோட்டு மாட்டி வந்தவர் முதல் வேட்டிலேயே செத்து விழ விரும்புவாரா? அதனால் ஆரம்பத்தில் யாரும் சாவதில்லை. கடைசியில் கும்பலாகச் சாய்வார்கள், அதிலும் நிழல் பார்த்து. சுடுவதும் அசலைவிட வேகமாக நடந்துவிடும். குண்டு கிடையாது, பாதுகாப்புக்காகக் குழலுக்குள் கம்பியை விட்டு இடிப்பதையும் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். அன்று நன்றாகப் பழகியவனே நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டால் அதிகம். அந்தப் போரில் குண்டுக்குச் செத்தவர்களைவிட நோய்க்குச் செத்தவர்களே அதிகம் என்பதும் மைதானத்தில் தெரியாது. பேதியில் கிடப்பதை நடித்துக் காட்ட யார் வருவார்கள்?

ஆனால் பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று, ஒரே ஒருவர் துப்பாக்கியில் வெடிமருந்து இடுவதைப் பாருங்கள். காகிதப் பொதியைப் பல்லால் கடித்துக் கிழிக்கிறார். கொஞ்சம் மருந்தைத் துப்பாக்கியின் கிண்ணத்தில் இட்டு மூடி, மிச்சத்தைக் குழலில் கொட்டுகிறார். நாலைந்து முறை செய்வதற்குள் உதடு கறுத்துவிடும், வெடியுப்பு பட்டு நாக்கு வறளும். (1857இல் நம் சிப்பாய்கள் கடிக்க மறுத்த தோட்டாவும் இப்படிப் பல்லால் கிழிக்க வேண்டியதுதான்.) ஈரமான நாளில் சிக்கிமுக்கிக் கல் சதி செய்யும், விசையை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இதையெல்லாம் நானும் படித்திருக்கிறேன். ஆனால் எதிரி எண்பது கஜத்தில் இருக்கும்போது இத்தனை வேலையையும் நின்றபடியே செய்ய வேண்டும் என்பது பார்த்த பிறகுதான் உறைத்தது.

சரி, உங்களை உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். "எஜமானர்களின் சுதந்திரத்துக்காகச் செத்தார்கள்" என்ற இடத்தில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு.

1778 தொடக்கத்தில் ரோட் ஐலண்டால் அமெரிக்கப் படைக்குத் தன் பங்குக்கான ஆட்களைத் திரட்ட முடியவில்லை. ஜெனரல் ஜேம்ஸ் வார்னம், அடிமைகளைச் சேர்க்கலாம் என்று தலைமைத் தளபதி வாஷிங்டனுக்கு எழுதினார். பிப்ரவரியில் மாகாணச் சபை சட்டம் போட்டது. படைப்பிரிவின் தலைவர் கர்னல் கிறிஸ்டோபர் கிரீன் முன்னால் நின்று தேறிய அந்தக் கணத்திலேயே அடிமை விடுதலை பெற்றவன். உடைமையாளருக்கு 120 பவுண்டு வரை நஷ்டஈடு. போர் முடியும்வரை படையில் இருக்க வேண்டும். யாருடைய பெருந்தன்மையும் இதில் இல்லை, ஆள் பற்றாக்குறையில் பிறந்த பேரம். எஜமானர்களின் எதிர்ப்பு வலுத்ததால் அந்த ஜூனிலேயே புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் நுழைந்துவிட்டவர்கள் தங்கள் பக்கத்துப் பேரத்தைக் கறாராக நிறைவேற்றினார்கள். ஆகஸ்ட் 29 அன்று ரோட் ஐலண்ட் சண்டையில் பிரிட்டிஷாருக்காகப் போரிட்ட ஜெர்மானியக் கூலிப்படையை எதிர்த்து நின்றார்கள். 1781 மே மாதம் கிரீன் கொல்லப்பட்டார். அந்த ஆண்டே, பிரிட்டிஷ் படை சரணடைந்த யார்க்டவுன் முற்றுகையிலும் இருந்தார்கள்.

ஆகவே அந்தக் கோட்டு அடிமை உடை அல்ல, அடிமைத்தனத்திலிருந்து வெளியேறியவனின் உடை. இன்று ஒரு கறுப்பினத்தவர் அதை அணியும்போது அவர் அடிமை வேஷம் போடுவதாக எனக்குத் தோன்றவில்லை. வேஷம் என்றே சொல்வதானாலும், அது தன் விடுதலையைத் தானே சம்பாதித்தவனின் வேஷம்.

இன்னொன்று, இவர்களில் பெரும்பாலோருக்கு முகம் இல்லை. யார்க்டவுனில் அமெரிக்கர்களின் பக்கம் இருந்த பிரெஞ்சுப் படை அதிகாரி ழான் பாப்டிஸ்ட் டி வெர்ஜே 1781இல் தீட்டிய நீர்வண்ணப் படம் ஒன்று பிரவுன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நான்கு சிப்பாய்கள். இடது ஓரத்தில் வெள்ளைச் சீருடையில், நங்கூரச் சின்னம் வைத்த தொப்பியோடு இந்தப் படைப்பிரிவின் கறுப்பினச் சிப்பாய் ஒருவர். அவர் பெயர் அதில் இல்லை. மற்றவர்களெல்லாம் வருகைப் பட்டியலில் வெறும் பெயர்களாக இருக்கிறார்கள். பட்டியலுக்கும் படத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் ஓர் ஆள் உடம்போடு வந்து நிற்கிறார், நாம் கேட்பதற்குப் பதில் சொல்கிறார். அதைக் கேலியாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

வெற்றிக்குப் பிறகு நடந்ததை இவர்கள் சொல்லாமல் விட்டால் அப்போது உங்களோடு சேர்ந்து நானும் கோபப்படுவேன். 1783 பிப்ரவரியில், போர் ஏறக்குறைய முடிந்த நேரத்தில், பிரிட்டிஷார் வசமிருந்த ஆஸ்வீகோ கோட்டையைப் பிடிக்க இவர்களைப் பனியில் நடக்க வைத்தார்கள். கோட்டை கிடைக்கவில்லை, பலருக்குக் கால்விரல்கள் போயின. 1784இல் ரோட் ஐலண்ட் கொண்டுவந்த அடிமை விடுதலைச் சட்டமும், அதன்பின் பிறக்கும் குழந்தைகளுக்கு மட்டுமே விடுதலை என்றது. ஒரு சிப்பாய் சுதந்திர மனிதன், அவன் மனைவி இன்னொருவரின் உடைமை என்ற நிலை இருக்க முடிந்தது. 1818இல் அந்தப் போரின் முன்னாள் வீரர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. 1820இல் வறுமையை நிரூபிக்க வேண்டும் என்று விதி கடுமையானது. கிழவர்கள் நீதிமன்றத்தில் போய் தங்கள் சட்டி, நாற்காலி வரை பட்டியல் கொடுத்தார்கள். அந்தச் சிப்பாய்களைப் பற்றி நமக்குத் தெரிவதில் கணிசமான பகுதி இந்த மனுக்களிலிருந்து வந்தது.

அடுத்த முறை போனால் மதியம் நடக்கும் வேட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டாம். காலையிலேயே கூடாரங்களுக்குப் போங்கள். யாராவது பித்தான் தைத்துக்கொண்டோ அடுப்பு மூட்டிக்கொண்டோ இருப்பார். அவரிடம் ஆஸ்வீகோவைப் பற்றியும் ஓய்வூதிய மனுக்களைப் பற்றியும் கேளுங்கள். அப்புறம் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.