நாளைய விலை தெரிந்த கொம்பியூட்டர்: வாசிகசாலைக் கேள்விகளுக்குப் பதில்

போன ஞாயிறு பின்னேரம் எங்கட ஊர் வாசிகசாலையில், மெஷின் லேர்னிங்கால், அதாவது பழைய தரவைப் பார்த்துத் தானே படிக்கிற கணினி மொடல்களால், பங்கு வாங்கி விற்கலாமா என்று கதைத்தோம். நான் கதைத்த நேரத்தை விட புரொஜெக்டரோடு மல்லுக்கட்டின நேரம் கூட. கேள்விக்கு நேரம் போதாமல் ஆக்கள் துண்டில் எழுதித் தந்துவிட்டுப் போனார்கள். பெயர்களை எடுத்துவிட்டு இங்கே பதில் போடுகிறேன். கொழும்பில் பதினொரு வருடம் தரவு வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவன் நான். தரகன் இல்லை, இன்ன பங்கை வாங்குங்கோ என்று சொல்லவும் மாட்டேன்.

"அண்ணை, நான் கம்பஸில கடைசி வருசம். எல்எஸ்டிஎம் வைச்சு ஒரு வங்கிப் பங்கின்ர விலையை எதிர்வுகூறினனான். ஆர்-ஸ்குவயார் 0.98 வருது. இதை வைச்சு உண்மையா வியாபாரம் செய்யலாமோ?"

மற்றவர்களுக்காக: எல்எஸ்டிஎம் என்பது வரிசையாக வருகிற தரவைப் படிக்கிற ஒரு வகை மொடல். ஆர்-ஸ்குவயார் என்பது ஊகம் அசலோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம். தம்பி, அந்த 0.98ஐ எக்ஸெலில் அரை நிமிடத்தில் எடுக்கலாம். 'நாளைய விலை இன்றைய விலைதான்' என்று ஒரு நிரல் போட்டு, அசல் விலையோடு ஒப்பிடுங்கோ. இன்று 142.50க்குப் போன பங்கு நாளைக்கு 143க்கோ 141க்கோதான் போகும், 90க்குப் போகாது. அதனால் ஒன்றும் தெரியாதவன் சொன்னாலும் 0.98 வரும்.

உங்கட வரைபில் ஒரு மாதத்தை மட்டும் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கோ. எதிர்வுகூறின கோடு அசல் கோட்டுக்கு ஒரு நாள் பின்னால் நிழல் மாதிரி வந்துகொண்டிருக்கும். மொடல் படித்தது அவ்வளவுதான். விலையை விட்டுவிட்டு, ஒரு நாளிலிருந்து மற்ற நாளுக்கு எத்தனை வீதம் மாறியது என்பதைச் சொல்லச் சொல்லுங்கோ. அந்த 0.98 பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்து விழும்.

இன்னும் இரண்டு இடத்தைப் பாருங்கோ. படிக்க ஒரு பங்கு, சோதிக்க ஒரு பங்கு என்று தரவைக் குலுக்கிப் பிரித்தீர்களா? அப்படியென்றால் புதன்கிழமை விலையை ஊகிக்கிற மொடலுக்குச் செவ்வாயும் வியாழனும் ஏற்கெனவே தெரியும். பழையதில் படித்துப் புதியதில் சோதிக்க வேண்டும், பிறகு ஒரு மாதம் தள்ளி அதையே திரும்பச் செய்ய வேண்டும். மற்றது, ஆகக் கூடிய விலை, ஆகக் குறைந்த விலை இரண்டையும் வைத்து 0க்கும் 1க்கும் இடையில் சுருக்குவீர்களே, அதை முழுத் தரவிலும் பார்த்துச் செய்திருந்தால் எதிர்காலம் அந்த வழியாலும் உள்ளே வந்துவிடும்.

நானும் இதில் விழுந்தவன்தான். 2021இல் நான் செய்த மொடல் நூற்றுக்கு 63 நாள் திசையைச் சரியாகச் சொன்னது. இரண்டு கிழமை நித்திரை இல்லை, மனதில் கார் எல்லாம் வாங்கிவிட்டேன். பிறகுதான் கண்டேன்: அன்று பின்னேரம் சந்தை மூடுகிற விலையைப் பார்த்து, அன்று காலையில் வாங்குவதாகக் கணக்குப் போட்டிருக்கிறேன். பைதன் என்ற கணினி மொழியில் எழுதும்போது, அட்டவணையின் ஒரு நிரலை ஒரு நாள் கீழே தள்ள மறந்த பிழை. தள்ளினதும் 63 வந்து 51 ஆனது.

"51 எண்டாலும் பாதிக்கு மேலதானே. கனதரம் வாங்கி வித்தால் சிறுகச் சிறுகச் சேராதோ?"

கொழும்புப் பங்குச் சந்தையில் சேராது. கூலியைக் கணக்குப் பாருங்கோ. பத்துக் கோடி ரூபாவுக்கு உட்பட்ட கொடுக்கல் வாங்கலுக்கு, தரகு, சந்தைக் கட்டணம், அரசாங்கத்தின் அறவீடு எல்லாம் சேர்த்து 1.12 வீதம். வாங்கும்போது ஒருக்கா, விற்கும்போது ஒருக்கா. அதாவது 100 ரூபாவுக்கு வாங்கின பங்கு 102.27 ஆனால்தான் உங்கட முதல் கைக்கு வரும்.

நல்ல மொடல் ஒன்று இருக்கிறது என்றே வைப்போம். நூற்றுக்கு 55 தரம் சரி, சரியானால் 2 வீதம் லாபம், பிழைத்தால் 2 வீதம் நட்டம். ஒரு தரத்துக்குச் சராசரியாக 0.2 வீதம் வரும். கூலி 2.24 போனால் ஒவ்வொரு தரமும் 2.04 வீதம் கையை விட்டுப் போகிறது. வருடத்துக்கு இருபது தரம் செய்தால் ஒரு லட்சம் ஏறக்குறைய 66,000 ஆகிவிடும். மொடல் சரியாகத்தான் சொன்னது, கூலி சாப்பிட்டுவிட்டது. அமெரிக்கச் சந்தையை வைத்து எழுதின பாடங்களை அப்படியே கொண்டுவந்து இங்கே ஓட்டுகிற பிள்ளைகள் முதலில் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

மலிவுப் பங்குகளில் இன்னொரு மாயம் இருக்கிறது. எங்கட சந்தையில் விலை 10 சதப் படியாகத்தான் ஏறி இறங்கும். 80 சதத்துக்குப் போகிற பங்கு ஒரு படி ஏறினால் 90 சதம், அதாவது 12.5 வீதம். வாங்க நிற்பவன் 80 என்கிறான், விற்க நிற்பவன் 90 என்கிறான். கடைசி வியாபாரம் ஒரு நாள் இவன் விலையில், மறுநாள் அவன் விலையில். இதைப் பார்த்த மொடல் 'இறங்கின மறுநாள் ஏறுகிறது, வாங்கு' என்று துள்ளும். நீங்கள் போனால் 80க்குக் கிடைக்காது, 90க்குத்தான் வாங்கலாம். விற்கப் போனால் 80.

"தம்பி, ரெலிகிராமில ஒரு ஏஐ ரோபோ. மாசம் 8 வீதம் நிச்சயமாம், தங்கச்சியின்ர மகனும் போட்டிருக்கிறான். நானும் போடட்டோ?"

அக்கா, போடாதேங்கோ.

மாதம் 8 வீதம் என்றால் ஒரு லட்சம் ஒரு வருடத்தில் இரண்டரை லட்சம். பத்து வருடம் விட்டால் நூறு கோடிக்கு மேல். அப்படி ஒரு ரோபோ வைத்திருப்பவனுக்கு உங்கட ஒரு லட்சம் எதற்கு? முதல் இரண்டு மாதம் காசு வரும், அது பிந்திச் சேர்ந்தவர்களின் காசு. தங்கச்சியின் மகனிடம், ஆள் சேர்த்தால் கொமிஷன் தருகிறார்களா என்று கேளுங்கோ. ஓம் என்றால் அது பிரமிட். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி நடத்துவதும் குற்றம், ஆள் சேர்ப்பதும் குற்றம். தங்கச்சியின் மகனையும் இப்போதே கூப்பிட்டுக் கதையுங்கோ.

"எத்தினையோ குறிகாட்டி இருக்குது. எல்லாத்தையும் போட்டு, நல்லா வேலை செய்யிறதை எடுத்தால் என்ன? டேட்டா மைனிங் எண்டால் அதுதானே?"

குறிகாட்டி என்றால் பழைய விலையிலிருந்து கணக்கிடுகிற அடையாளம்; அதை வைத்து 'இப்படி வந்தால் வாங்கு' என்று விதி போடுகிறோம். ஒன்றுக்கும் உதவாத ஆயிரம் விதிகளைச் சோதியுங்கோ. தற்செயலாகத் தேறுகிற வாய்ப்பை 5 வீதம் என்று வைக்கிற வழமையான கணக்கில் ஐம்பது விதி 'தேறிவிடும்'. நீங்கள் அந்த ஐம்பதை மட்டும் பார்த்துச் சந்தோசப்படுவீர்கள். டேவிட் லைன்வெபர் என்ற அமெரிக்கர் இதைக் காட்டவென்றே பகிடியாக ஒரு வேலை செய்தார். கண்ட கண்ட தரவையெல்லாம் துழாவி, பங்களாதேசின் வெண்ணெய் உற்பத்தி, 500 பெரிய கம்பனிகளின் பங்கு விலையைக் காட்டுகிற அமெரிக்க எஸ் அன்ட் பி 500 சுட்டியோடு சேர்ந்து போவதைக் கண்டுபிடித்தார். பொருத்தம் 75 வீதம்! அமெரிக்கச் சீஸையும் இரண்டு நாட்டுச் செம்மறி ஆடுகளையும் சேர்த்தால் 99. கேலிக்குச் செய்ததை நம்பி, அந்த வெண்ணெய்த் தரவு எங்கே கிடைக்கும் என்று அவரிடமே விசாரித்த ஆக்களும் உண்டு.

எத்தனை விதி சோதித்தேன் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ. கடைசி இரண்டு வருடத் தரவை ஒரு கோப்பில் பூட்டி வைத்து, எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு தரம் திறவுங்கோ. சரிவரவில்லை என்று திரும்ப மொடலை மாற்றி, அதே கோப்பைத் திறந்தால் பூட்டினதில் பிரயோசனம் இல்லை.

"ரண்டம் ஃபொரெஸ்ட் நல்லதோ, நியூரல் நெட்வேர்க் நல்லதோ?"

ரண்டம் ஃபொரெஸ்ட் என்பது 'ஆம், இல்லை' கேள்விகளால் கிளை பிரிகிற பல மரங்களின் முடிவைச் சேர்த்துச் சொல்வது. நியூரல் நெட்வேர்க் என்பது மூளையின் நரம்புப் பின்னலைப் பார்த்து அமைத்தது, எல்எஸ்டிஎம்மும் அந்த வகைதான். இங்கத்தைய தரவின் அளவுக்கு மரங்கள் போதும். இந்தக் கேள்விக்குச் செலவழிக்கிற நேரத்தில் பாதியைத் தரவைத் துப்புரவாக்கக் கொடுங்கோ. ஒரு பங்கைப் பத்தாக்குகிற மாதிரியான பங்குப் பிரிப்பு நடந்ததைத் திருத்தாத கோப்பில் 300 ரூபாப் பங்கு ஒரே இரவில் 30 ஆகி நிற்கும்.

"ஜிம் சைமன்ஸ் கணக்கு வாத்தியார்தானே. அவர் உழைச்சவர், நாங்கள் ஏன் ஏலாது?"

அவர் செய்தது உண்மை. அவரின் நிறுவனம் நடத்தின மெடாலியன் என்ற முதலீட்டு நிதி 1988இலிருந்து 2018 வரை கட்டணம் கழிக்க முன்னர் வருடத்துக்குச் சராசரி 66 வீதமளவில் உழைத்தது. ஆனால் எப்படி? மிகச் சின்ன அனுகூலத்தை, நாளுக்கு ஆயிரக்கணக்கான தரம், கடன் காசும் சேர்த்து, மிகக் குறைந்த செலவில். கூடவே ஒரு படை விஞ்ஞானிகள். நிதி பெருத்தால் அந்த அனுகூலம் செத்துவிடும் என்று வெளியாரின் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். எங்களுக்கு 1.12 வீதக் கூலி, ஒரு லப்டொப்.

மறுபக்கமும் இருக்கிறது. 2012 ஆவணி முதலாம் திகதி நைட் கெப்பிட்டல் என்ற, பங்கு வாங்கி விற்கிற அமெரிக்க நிறுவனத்தில் புது மென்பொருளை ஒரு சேர்வரில் ஏற்ற மறந்துவிட்டார்கள். அதிலிருந்த பழைய மென்பொருள் தானாக ஓடி, ஏறக்குறைய 45 நிமிடத்தில் 44 கோடி டொலர் போய்விட்டது. அங்கே எதிர்வுகூறலில் பிழை இருக்கவில்லை.

"2022 மாதிரி ஒண்டு வந்தால் மொடலுக்கு முன்கூட்டியே தெரியுமோ?"

தெரியாது. 2021 வரைக்கும் படித்த மொடல், மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 வீதப் புள்ளி ஏற்றினதைக் கண்டதே இல்லை. 2022 சித்திரை 8இல் அது நடந்தது, 12இல் வெளிநாட்டுக் கடன் கட்ட மாட்டோம் என்றார்கள், 18இலிருந்து ஒரு கிழமை சந்தையையே பூட்டினார்கள். 25இல் திறந்ததும் அனைத்துப் பங்குச் சுட்டி 12 வீதத்துக்கு மேல் விழுந்து, அன்றைய வியாபாரம் நிறுத்தப்பட்டது. மொடல் 'வில்' என்று சொல்லியிருந்தாலும் பூட்டின சந்தையில் யாருக்கு விற்கிறது? அந்த வருடக் கடைசியில் திறைசேரி உண்டியல், அதாவது அரசாங்கம் வாங்குகிற குறுகிய காலக் கடன், 30 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தது. எந்த மொடலையும் முதலில் அதோடுதான் ஒப்பிட்டிருக்க வேண்டும்.

"நான் சுன்னாகம் சந்தையில வெங்காய மொத்த யாவாரி. பங்கை விடுங்கோ, வெங்காயத்தின்ர விலையைச் சொல்லுமோ உங்கட மெஷின்?"

அன்றைக்கு வந்ததில் எனக்கு ஆகப் பிடித்த கேள்வி இது. பங்கை விட வெங்காயத்தில் நம்பிக்கை வைக்கலாம். அது எப்போது நட்டது, எப்போது கிண்டும், இடையில் மழை எத்தனை நாள் பெய்தது, இறக்குமதி வரி ஏறினதா என்று விலைக்குப் பின்னால் கையால் தொடக்கூடிய காரணம் இருக்கிறது. மத்திய வங்கி நாளாந்த விலை அறிக்கை போடுகிறது, கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி நிறுவனமும் விலைகளைத் தொடர்ந்து வெளியிடுகிறது. மழைத் தரவையும் சேர்த்தால் ஒரு ரண்டம் ஃபொரெஸ்டுக்குத் தீனி காணும்.

ஒரு சிக்கல். போன வருடம் நல்ல விலை என்று எல்லோரும் வெங்காயம் வைத்தால் இந்த வருடம் விலை விழும். உங்கட எதிர்வுகூறலை எல்லாத் தோட்டக்காரருக்கும் சொன்னால் அதுவே பிழைத்துப்போகும். ஆனால் ஐயா, உங்களிடம் முப்பது வருடக் கணக்குக் கொப்பிகள் இருக்கிறதாக எழுதியிருக்கிறீர்கள். அதை யாரிடமும் குடுக்காதேங்கோ, கறையான் தின்னவும் விடாதேங்கோ. நான் வந்து படம் எடுக்கிறேன்.

"கடைசியா, நீங்கள் மொடலை நம்பிக் காசு போடுறனீங்களோ?"

கொஞ்சம். என் மொடல் விலை சொல்வதில்லை. காலாண்டு அறிக்கைகளை வாசித்து, கடனும் கைக்காசும் வழமைக்கு மாறாக இருக்கிற கம்பனிகளைக் கழித்துவிடும். மிச்சத்தை நான் இருந்து வாசிக்கிறேன். போன வருடம் நாலு தரம் வாங்கினேன். மூன்றை இன்னும் வைத்திருக்கிறேன், ஒன்றை நட்டத்துக்கு விற்றேன். அந்த ஒன்று, மொடல் கழித்ததை நான் ஆசையில் திரும்பச் சேர்த்தது.