அந்தப் பெட்டியை யாருக்காகத் துடைக்கிறார்?

கேள்வி: வயது 21. பியானோ டியூனிங், ரிப்பேர் வேலைக்குப் போக ஆசை. பிளஸ் டூ கணக்கை இரண்டாவது தடவைதான் பாஸ் செய்தேன். வீடியோக்களில் அதிர்வெண், ஹெர்ட்ஸ் என்றாலே பயமாக இருக்கிறது. கணக்கு வராதவன் இதைக் கற்க முடியுமா? எங்கள் மாடியில் இருக்கும் பெரியப்பாவும் டியூனராக இருந்தவர்தான். காது மந்தமானதால் இப்போது வேலைக்குப் போவதில்லை. மாதம் ஒரு தடவை டூல்ஸ் பெட்டியைத் திறந்து துடைத்து வைப்பார், அவ்வளவுதான்.

- பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்: 'அவ்வளவுதான்' என்று எழுத எப்படித் தம்பி மனசு வந்தது? வேலையை விட்டவர் எதற்காக மாதாமாதம் துரு ஏறாமல் காக்கிறார்? விற்பதாக இருந்தால் என்றைக்கோ விற்றிருப்பார். வீட்டுப் பிள்ளை யாராவது வந்து கேட்க மாட்டானா என்று அவர் காத்திருக்க, நீ கீழே உட்கார்ந்து செல்போனில் வாத்தியார் தேடுகிறாய்.

சரி, கணக்கு. புதிதாகப் பியானோ வடிவமைப்பவருக்குக் கம்பியின் நீளம், தடிமன், இழுவிசை எல்லாம் கணக்கிடத் தெரிய வேண்டும். டியூனருக்கு வேண்டியது காதும் மணிக்கட்டும். நடுப்பகுதியில் ஒரு கட்டைக்கு மூன்று கம்பி. ஒன்றைச் சுருதி சேர்த்துவிட்டு, மற்ற கம்பிகளை ஒலிக்காமல் அடக்கும் ஃபெல்ட் ஆப்பை நகர்த்தி அடுத்ததையும் ஒலிக்கவிட்டால், சுருதி விலகிய இடத்தில் 'வாவ்... வாவ்' என்று ஓசை அலையும். கம்பியை இறுக்கும் லீவரை மயிரிழை அசைக்க அசைக்க அலை மெதுவாகி நின்றுவிடும். இரண்டு வெவ்வேறு கட்டைகளை ஒன்றோடொன்று சேர்க்கும் சில இடங்களில் அலை நிற்கக் கூடாது, வினாடிக்கு ஏழு என்ற மாதிரி ஓட வேண்டும். அந்த வேகம் பழகப் பழகக் காதில் படியும். 1830களில் பாரிஸில் க்ளோட் மோந்தால் என்ற பார்வையற்றவர் டியூனிங்கைத் தன் தொழிலாக்கி, தன்னைப் போன்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்.

வீடியோ தர முடியாதது ஒன்று உண்டு. ஏறக்குறைய 230 கம்பிகள், ஒவ்வொன்றும் 'பின்' என்கிற ஓர் உலோக முளையில் சுற்றியிருக்கும். சுருதி சேர்ந்துவிட்டதே என்று லீவரை உருவினால் சாயங்காலத்துக்குள் நழுவிவிடும். அந்த முளை மரத்துக்குள் உட்கார்ந்துவிட்டதா என்பது கைக்குத்தான் தெரியும். பெரியப்பாவின் காது போயிருக்கலாம், கை எங்கேயும் போகவில்லை. உன் கைமேல் அவர் கையை வைத்துச் சொல்லித்தர வேண்டிய வித்தை இது.

சத்தமாகப் பேச அலுப்பாக இருக்கிறதா? பேசு. பெரியவருக்குக் காது கேட்கவில்லை என்று வீடே அவரை ஒதுக்கி வைப்பதை என்னால் பொறுக்க முடியாது. அவர் இழந்த காதுக்கு நீ காதாக இரு. முதல் டியூனிங்கில் வரும் பணத்தை அவர் கையில் கொடு.

அடுத்த தடவை அவர் பெட்டியைத் திறக்கும்போது மாடிக்குப் போ. கேள்வி எதுவும் வேண்டாம். துணியை வாங்கி நீ துடை.